டிபன் டப்பா மூடியில் வந்த ‘இல்ல’

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் எனக்கு ‘ஃபாரின் வேலைக்காரி’ என்று பெயர். நான் இதுவரை திருப்பதியைத் தாண்டி வடக்கே போனதில்லை. வீட்டுப் பின்னறையில், ஈரத்துணி தொங்கும் கொடிக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சம்பளம் மட்டும் கடல் தாண்டி வரும். இதை என் அம்மா இஸ்திரி வண்டிக்காரரிலிருந்து பால் பூத் வரை சொல்லி வைத்திருக்கிறாள். பின்தெருவில் ஒரு வீட்டார் தங்கள் பையனுக்கும் அங்கே ஒரு வேலை பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். எனக்கே அங்கே வேலை நிலைக்குமா என்று தெரியவில்லை என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அது அடக்கமில்லை. குளிர்நாடு ஒன்றில் இருக்கும் ஆய்வாளர்கள் சிலர், வேலை செய்யும் இடத்தில் ஆட்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அளப்பதற்கு ஒரு வினாத்தாள் செய்திருந்தார்கள். ‘என் மேற்பார்வையாளர் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்’ என்பது மாதிரி வாக்கியங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். சுத்தமாக இல்லை என்றால் முதல் கட்டம், நூற்றுக்கு நூறு ஆமாம் என்றால் ஐந்தாவது கட்டம். அதைத் தமிழில் கொண்டுவந்து, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கொடுத்து, அங்கே எதை அளந்ததோ அதையேதான் இங்கேயும் அளக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஊர் விட்டு ஊர் கொண்டுவந்த தராசு சரியாகக் காட்டுகிறதா என்று எடைக்கல் வைத்துப் பார்ப்பது மாதிரிதான். தேறினால் இன்னும் பல கம்பெனிகளில் கேட்பார்கள், என் வேலையும் நீளும். தேறாவிட்டால் இந்தியாவை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த ஆய்வில் இந்தியா என்றால் நான் ஒருத்திதான். கல்லூரியில் பார்த்துக்கொண்டிருந்த கௌரவ விரிவுரையாளர் வேலையை வேறு விட்டுவிட்டு வந்திருந்தேன். கௌரவத்தைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாலும், விட்டது விட்டதுதான்.

வேலூரிலிருந்து பஸ் பிடித்து, ஆம்பூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போக வேண்டும். எனக்குக் கொடுத்தது ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு லைன். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டியில் வரும் பெண்கள், ஆம்பூர் டவுனிலிருந்தே வரும் பெண்கள், எல்லோரும் கலந்து இருந்தார்கள். மிஷினில் தைப்பவர்கள் பாதி, மேஜையில் உட்கார்ந்து பசை தடவி மடித்துக் கொடுப்பவர்கள் பாதி. அவர்களுக்கெல்லாம் மேலே ஒரு சூப்பர்வைசர் அம்மாள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். மிஷின் சத்தத்தை மீறிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தக் குரல் அப்படி ஆகிவிட்டது போல. வீட்டில் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் என்று அவளே சொல்வாள்.

முதலில் சாப்பாட்டு நேரத்தில் சிலரிடம் மட்டும் வாக்கியங்களைப் படித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்க வேண்டும். அங்கேயே தகராறு ஆரம்பமாகிவிட்டது.

“‘என் மேற்பார்வையாளர் வேலைக்கு வெளியே என் வாழ்க்கையிலும் அக்கறை காட்டுகிறார்.’ இதுக்கு இன்னா சொல்வீங்க?” என்று கேட்டேன். குளிர்நாட்டில் இதற்கு ஆமாம் என்று சொல்பவர்கள்தான் மிகவும் மகிழ்ச்சியானவர்களாம்.

லைனிலேயே வாயாடியான ஆம்பூர்க்காரி ஒருத்தி, பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கத்தரிக்காயை எடுத்துக்கொண்டே, “அத்த ஏன் மேடம் கேக்கறீங்க, அதான் இங்க பெரிய பேஜாரே” என்றாள். “நான் ஒருநாள் லீவு போட்டா சாயங்காலம் சூப்பர்வைசர் அக்கா எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிது. உடம்பு சரியில்லன்னியே, பிளவுஸ் தைக்கக் குடுத்திருக்கிறியாமேன்னு கேக்குது. அக்கறை கொஞ்சம் கம்மியா இருந்தா நாங்க நிம்மதியா இருப்போம்.”

சூப்பர்வைசரும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “பின்ன, கேக்காம வுட்டுடறதா? உங்கம்மா என்னை நம்பித்தானே உன்னை அனுப்பிச்சிது?” என்றாள். லைனில் கால்வாசிப் பேர் அவளுக்கு ஏதாவது ஒரு வழியில் சொந்தம். ஒருத்திக்குச் சின்ன மாமியார், இன்னொருத்திக்கு ஓரகத்தியின் அக்கா. வேலைக்கு வெளியே என்று ஒரு வாழ்க்கையை அந்தப் பெண்களுக்கு யாரும் ஒதுக்கித் தந்திருக்கவில்லை. நான் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன்.

அடுத்தது கட்டங்கள். நடுவில் இருப்பது ‘ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை’ என்ற கட்டம். அதில் யாருமே டிக் போட மாட்டேன் என்றார்கள். ஒருத்தர் மரியாதையாகக் கேட்கும்போது ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் நின்றால் அது திமிராம். சரி, எழுத்து வேண்டாம் என்று ஐந்து முகங்கள் வரைந்துகொண்டு போனேன். சிரிக்கும் முகத்தில் ஆரம்பித்து அழும் முகத்தில் முடியும். ஒரு பெண் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “வெள்ளிக்கெழம அதுவுமா அழுவுற மூஞ்சில டிக் போடச் சொல்றீங்களே மேடம்” என்றாள். அவளுக்கு உண்மையாகவே மனசு வருத்தப்பட்டது. முகங்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடியும் எழுத்துக்கே திரும்பினேன்.

பிறகு முதல் சுற்று. அன்றைக்குக் கம்பெனிக்குள் நுழைந்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் புது சோப்பு, அட்டை கிழிக்காமல் இருந்தது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. மற்ற நாட்களில் மிஷின் ஓரமாகத் தொங்கும் ஊசித் தடுப்பு எல்லா மிஷினிலும் ஒழுங்காக மாட்டியிருந்தது. பெண்கள் எல்லோரும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்தியிடம் பேனா கொடுத்ததுதான் தாமதம், நான் கேட்காமலே, “குடிதண்ணி நல்லா கீது மேடம், பதினெட்டு வயசுக்குக் கீழ இங்க யாரும் இல்ல மேடம், வெளிய போற வழி அந்தப் பக்கம் மேடம்” என்று ஒப்பித்தாள்.

ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பி எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தப் பக்கம் ‘ஆடிட்’ என்று பெயர். அந்தப் பெண்கள் கல்யாணம், காதுகுத்துக்குத் தயாராவது போல ஆடிட்டுக்கும் தயாராவார்கள். வருஷக்கணக்காகப் பழகிய விஷயம். ஹெச்.ஆரில் இருக்கும் தம்பி ‘ஃபாரின்லர்ந்து கேள்வி வருது’ என்று மைக்கில் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். ஃபாரின் என்றால் ஆடிட், ஆடிட் என்றால் ஐந்து.

எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். இந்த மாதிரி வினாத்தாளில் ஆட்கள் கவனமாகப் படிக்கிறார்களா என்று பார்க்கச் சில வாக்கியங்களைத் தலைகீழாகப் போட்டு வைப்பார்கள். ‘இங்கே தவறு செய்தால் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவார்கள்’ என்று ஒன்று இருந்தது. அதற்கும் ஐந்து. எங்களுக்கு இங்கே மிகவும் மரியாதை, எங்களை மிகவும் அவமானப்படுத்துகிறார்கள், இரண்டும் நூற்றுக்கு நூறு. தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வீடியோ காலில் திட்டத் தலைவி வந்தாள். வெளுத்த முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, பின்னால் எப்போதும் மழை பெய்யும் ஜன்னல். கோபித்துக்கொள்ள மாட்டாள், அதுதான் எனக்குப் பயம். “எல்லோரும் ஒரே பதில் சொன்னால் ஒன்றையும் அளக்க முடியாது” என்று பொறுமையாகச் சொன்னாள். எதைக் கேட்டாலும் ஆமாம் சாமி போடும் பழக்கம் சில நாடுகளில் உண்டு என்றும், அதற்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு என்றும் சொன்னாள். நானும் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். இன்னொரு சுற்று செய்து பார், அதிலும் இப்படி வந்தால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று முடித்தாள். யோசிக்க வேண்டியிருக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று கல்லூரியில் வேலை பார்த்த எனக்குத் தெரியும்.

அடுத்த முறை ஆம்பூர் போனபோது சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இது ஆடிட் இல்லை, உங்கள் பெயர் எங்கும் வராது, தாளில் ஆளுக்கொரு எண் மட்டும்தான், மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றேன். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. அதனால் இன்னும் ஒரு படி போனேன். “நீங்க எல்லாரும் ஒரே மாதிரி எழுதுனா இந்தத் தாள் செல்லாது. செல்லலன்னா என் வேலை போய்டும். வேற வேற மாதிரி வந்தாத்தான் அவங்க ஒத்துப்பாங்க” என்றேன். தலைகீழ் வாக்கியங்கள் எவையென்றும் விளக்கினேன்.

சூப்பர்வைசர் சாப்பிடுவதை நிறுத்தினாள். “வேலை போய்டுமா? இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா மேடம்?” என்றாள். அந்தக் குரலில் இருந்த அக்கறையை நான் கவனித்தேன். அப்போதாவது எனக்குச் சுதாரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் பஸ் ஏறினேன்.

இரண்டாம் சுற்றின் தாள்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. ஆமாம் என்று சிலர், சுமார் என்று சிலர், இல்லை என்று சிலர். யாருமே தொடாத நடுக்கட்டத்தில்கூட டிக் இருந்தது. அது மட்டுமில்லை. சூப்பர்வைசர் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்று சொன்னவள், இங்கே பயமில்லாமல் பேச முடியாது என்றும் சொல்லியிருந்தாள். பதில்கள் ஒன்றோடொன்று அச்சடித்தது போலப் பொருந்தின. தலைவியை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். “எங்கள் நாட்டில்கூட இவ்வளவு சுத்தமாக வரவில்லை” என்றாள். சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் இன்னொரு முறை கேட்டு, அப்போதும் ஏறக்குறைய இதே பதில்கள் வந்துவிட்டால் தமிழ் வடிவம் தேறிவிடும் என்றாள். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தாள். நான் ஃபாரின் போகப் போகிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த தடவை கம்பெனிக்குப் போனபோது கையில் இனிப்பு டப்பா. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் நன்றி சொன்னேன். வாயாடி இரண்டு துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “எனக்கு ரெண்டு குடுக்கணும் மேடம், இந்த வாட்டி கஷ்டப்பட்டவ நான்தான்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “இன்னா கஷ்டம்?” என்றேன்.

“எனக்குத்தானே ‘இல்ல’ வந்துச்சு. எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்லன்னு போட்டுப் போட்டு எனக்கே அழுவாச்சியா பூட்ச்சி.”

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அந்த லைனில் மாசா மாசம் பாத்திரச் சீட்டு உண்டு. பெயரெழுதிய சீட்டுகளை மடித்து, ஒரு டிபன் டப்பா மூடியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள், யார் பெயர் வருகிறதோ அவளுக்கு அந்த மாசத்துக் குக்கர். பொதுவாக எதைப் பிரிப்பதாக இருந்தாலும் அந்த மூடிதான். தண்ணீர் கேன் தூக்குவது யார், ஆயுத பூஜைக்குக் கோலம் போடுவது யார், எல்லாம் அதில்தான் முடிவாகும். மேடத்துக்கு வேற வேற மாதிரி வேண்டும் என்றதும், ‘நல்லாருக்கு’, ‘பரவால்ல’, ‘இல்ல’ என்று மூன்று வகையாகச் சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டிருக்கிறார்கள். என்ன வந்ததோ அதன்படி அவரவர் தாள் முழுக்க எழுதியிருக்கிறார்கள். பின்னே பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் என்ன செய்யும்?

“சூப்பர்வைசர் அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“நான்தானே மேடம் குலுக்குனேன்” என்றாள் பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர். “இவளுங்க எனக்குப் பயந்துக்கினு ‘இல்ல’ கம்மியா எழுதி வெச்சிருந்தாளுங்க. மேடம் வேலை போய்டும்டி, இன்னும் நாலு போடுங்கன்னு நான்தான் போட வெச்சேன்.” தன்னைத் திட்டுவதற்கு ஆள் குறைகிறது என்று வருத்தப்பட்டு, கூடுதலாக ஆள் சேர்த்த மேற்பார்வையாளரை எந்தக் கட்டத்தில் டிக் போட்டு அளப்பது? எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் சிரிப்பு. அந்தப் பெண்கள்மேல் கோபப்படவும் வழியில்லை. அத்தனை பேரும் எனக்காகத்தான் செய்திருந்தார்கள்.

“அடுத்த வாட்டியும் இதே ஆளுங்க இதே மாதிரி எழுதணுமே” என்றேன்.

“அடுத்த வாட்டி மாத்திடுவோம் மேடம். ஒருத்தியே கஷ்டப்படக் கூடாதில்ல” என்றாள் வாயாடி. என் முகத்தைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் அவசரமாக, “மாத்தக் கூடாதுன்னா சொல்லுங்க, அதே சீட்டையே வெச்சுக்கலாம். யார் யாருக்கு இன்னா வந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் கீது” என்றாள்.

அவ்வளவுதான் வேண்டியது. நான் சரி என்று தலையசைத்தால் போதும், தமிழ் வடிவம் தேறும், வேலை நிலைக்கும், அம்மா தெருவில் நிமிர்ந்து நடப்பாள். அப்புறம் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

கை கழுவும் இடத்தில் ஒருத்தி எனக்காக நின்றுகொண்டிருந்தாள். மேஜையில் பசை தடவுபவள், நாற்பது தாண்டிய வயது. அத்தனை முறை போயும் அவள் வாயிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. “எனக்கும் ‘இல்ல’தான் வந்துச்சு மேடம்” என்றாள். குழாயைத் திறந்தாள், மூடினாள். “சும்மாதான் எழுதினேன். நான் சொல்றத இங்க கேக்கறாங்கன்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க. அதுக்கு இல்லன்னு போட்டேன். போட்டுட்டுப் பாத்தா, அது நெஜந்தானேன்னு தோணிச்சு.”

“நீங்க இன்னா சொல்லி, அவங்க கேக்கல?”

“நான் எங்க சொன்னேன்?” என்றாள். “பசை டப்பாவ எடது பக்கம் வெக்கறாங்க. எனக்கு எடது தோள் வலி. வலது பக்கம் வெச்சா போதும். அத்த போய் இன்னான்னு சொல்றதுன்னு இருந்துட்டேன்.” எத்தனை நாளாக என்று கேட்டேன். அவள் தோளைத் தடவிக்கொண்டு சிரித்தாள். உள்ளே மணி அடித்ததும் போய்விட்டாள். அத்தனை தாள்களில் ஒரே ஒரு டிக்தான் உண்மையானது, அதுவும் குலுக்கலில் விழுந்தது.

அந்த வாரமே திட்டத்திலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. எல்லா நாடுகளிலும் திட்டத்தில் வேலை செய்பவர்களிடம் அவர்கள் வேலைச் சூழல் பற்றிக் கருத்துக் கேட்கிறார்களாம். பெயர் எழுத வேண்டாம், முழு ரகசியம், நாட்டையும் மொழியையும் மட்டும் குறிப்பிட்டால் போதும். இந்தியா, தமிழ். நான் ஒருத்திதான் என்று மறுபடி ஞாபகப்படுத்துகிறேன். நடுவில் ஒரு வாக்கியம்: ‘கெட்ட செய்தியாக இருந்தாலும் என் மேலதிகாரியிடம் தயங்காமல் சொல்ல முடியும்.’

கொடியில் தொங்கிய பாவாடை தலையில் இடிக்க, அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லாத கெட்ட செய்தி ஒன்று என்னிடமே இருந்தது. பிறகு ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டேன். அதற்கு மேலே, கீழே இருந்த எல்லாவற்றுக்கும் ஐந்து. பின்னறையில் புது சோப்பு வைக்காததுதான் பாக்கி.

மறுபடி ஆம்பூர் போனபோது என்ன சொல்வது என்று முடிவு செய்யாமலேதான் போனேன். சாப்பாட்டு நேரம். மேஜை நடுவில் எவர்சில்வர் மூடி, அதில் மடித்த சீட்டுகள். பாத்திரச் சீட்டா என்றேன். இல்லையாம். பசைக்காரம்மா போன வாரம் சூப்பர்வைசரிடம் போய், “எனக்குச் சீட்டுல ‘இல்ல’ வந்துச்சுக்கா, அதனால சொல்றேன்” என்று ஆரம்பித்து, தோள் வலியைச் சொல்லிவிட்டாளாம். சீட்டில் வந்ததைத் தட்ட முடியுமா? பசை டப்பா வலது பக்கம் போய்விட்டது. அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. இப்போது ‘இல்ல’ யாருக்கு வருகிறதோ அவள் அந்த வாரம் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். குறையே இல்லை என்று தப்பிக்க முடியாது.

“நீங்களும் எடுங்க மேடம், நீங்களும் இங்கதானே வேலை செய்யறீங்க” என்று வாயாடி மூடியை என் பக்கம் தள்ளினாள். எடுத்தேன். பிரித்தேன். ‘இல்ல’.

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் என்னை உற்றுப் பார்த்தாள். “வந்துடுச்சில்ல, சொல்லிடுங்க” என்றாள். “வூட்லயா, வேலைலயா?”

“வேலைல” என்றேன்.

“எங்க மேலயா?”

“உங்க மேல இல்ல” என்றேன். அது சத்தியம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், பஸ் களைப்போடு, முகம்கூடக் கழுவாமல் தலைவிக்கு மெயில் எழுதினேன். எனக்குச் சீட்டில் ‘இல்லை’ வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். ஆடிட், மூடி, குலுக்கல், பசை டப்பா, எல்லாவற்றையும் எழுதினேன். நான் உங்களுக்கு அனுப்பிய கருத்துப் படிவத்தையும் நம்ப வேண்டாம் என்று கடைசியில் சேர்த்தேன். அனுப்பிய கையோடு அம்மாவிடம் பழைய கல்லூரியில் இடம் இருக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன். ஏன், ஃபாரின்ல சாப்பாடு ஒத்துக்காதா என்று கேட்டாள்.

பதில் சில நாள் கழித்து வந்தது. அட்டவணையில் தமிழுக்கு எதிரே எண் வராது, ஒரு கோடு மட்டும் போடப்படும். பல கம்பெனிகளில் கேட்கும் யோசனை கைவிடப்படுகிறது. என் வேலை ஒப்பந்தம் முடியும் வரை இருக்கும். நடந்ததை அப்படியே எழுதித் தர வேண்டும், ஒப்பந்தத்துக்குப் பிறகு தன்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது. இவ்வளவும் அலுவலக பாஷையில் இருந்தது. கீழே தனியாக ஒரு பத்தி. தமிழ் வடிவம் பிரமாதமாகத் தேறிவிட்டது என்று தனக்குப் பணம் தரும் இடத்துக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும், இப்போது எப்படி மாற்றிச் சொல்வது என்று இரண்டு நாள் தூங்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அவளும் அந்தக் கருத்துப் படிவத்தில் கெட்ட செய்தி கேள்விக்கு ஐந்துதான் போட்டாளாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஒரு கேள்வி மட்டும் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது. கடைசி வரியில், தங்கள் அலுவலகத்தில் இதை முயன்று பார்க்க விரும்புவதாகவும், ஒரு மூடிக்கு எத்தனை ‘இல்லை’ போட வேண்டும் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றும் இருந்தது.

நடந்ததை எழுதி முடிக்கவே சில வாரம் ஆனது, அதன் பிறகுதான் அந்தப் பதிலை சூப்பர்வைசரிடம் கொண்டுபோனேன். தமிழுக்குக் கோடுதான் என்றதும் பாவம், அவளுக்கு முகம் வாடிவிட்டது. மூடி விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எவ்ளோ பெரிய ஆபீஸு?” என்றாள்.

“சின்னதுதான். ஒரு வேன்ல அடங்கிடுவாங்க.”

யோசித்தாள். “அப்போ ரெண்டு போதும். ஜாஸ்தி போட்டா ஆபீஸ் ஓடாது. அந்த மேடமும் எடுக்கணும்னு எழுதுங்க. நான் மொதல்ல எடுக்கல, குலுக்கறதோட சரி. இவளுங்கதான் என்னையும் எடுக்க வெச்சாளுங்க.”

“உங்களுக்கு இன்னா வந்துச்சு?” என்று கேட்டேன்.

மிஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அவள் அந்தப் பெரிய குரலைத் தாழ்த்தி, மேலே மேனேஜர் ரூம் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கா? ஒவ்வொரு வாரமும் ‘நல்லாருக்கு’தான் மேடம் வருது. ‘இல்ல’ எப்போ வரும்னு பாத்துக்கினே கீறேன்.”